கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர்

தண்ணீர் தெளிவாயிருந்தால் அது நல்ல தண்ணீர் என்று நாம் எண்ணிக்கொள்ளுகிறோம். டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். நிறமில்லை, நாற்றமில்லை, கலங்கலில்லை. போதும் என்று திருப்தியடைகிறோம். ஆனால் நைட்ரேட் என்னும் உப்பு வகை தண்ணீரில் கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. நாவுக்கும் மூக்குக்கும் புலப்படுவதில்லை. அழகு மீன்கள் வாழும் ஒரு குளத்தில் இந்த நைட்ரேட்டைக் குறைக்கப் புறப்பட்ட பிரயாசம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள வாஞ்சிக்கிறேன். மீன் வளர்க்காதவர்களும் கடைசிவரை வாசிக்கும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்ளுகிறேன்.

வேதாகமக் கல்லூரியில் பயின்ற நாட்களில், விடுதியின் பின்புறத்திலிருந்த மீன் தொட்டியைப் பராமரிக்கும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை என்னை விடவில்லை. அதை அறிந்திருந்தபடியால்தான், பெங்களூருவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்ட வேலை செய்யும் எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் என்னைத் தேடி வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர். மனைவியும், பிறந்து இரண்டு மாதமே ஆன பெண் குழந்தையும் அவரோடு அந்தக் குடியிருப்பின் காவலர் அறையிலேயே தங்கியிருந்தனர். தோட்டத்தின் நடுவே பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் சிமெண்ட் குளம். அதில் பதினான்கு கோய் மீன்கள். இரண்டு வாரத்துக்குள் இரண்டு மீன்கள் விடியற்காலையில் செத்து மிதந்தன. குளத்தை மண்போட்டு மூடிவிடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்தது. "ஐயா, குளம் போனால் எனக்கு அங்கே பாதி வேலை இல்லை. ஆளைக் குறைத்துவிடுவார்கள். அறையையும் காலி செய்யச் சொல்லுவார்கள்" என்றார். கைக்குழந்தையோடு இந்நகரத்தில் வாடகை வீடு தேடுவது என்னவென்று நம்மில் அநேகருக்குத் தெரியும்.

கோய் என்பது என்ன?

கோய் மீன் நம் ஊர்க் கெண்டையின் உறவுதான். ஜப்பானின் நீகாட்டா மாகாணத்து மலைக் கிராமங்களில் நெல் பயிரிட்ட குடியானவர்கள் உணவுக்காகக் கெண்டை வளர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றுள் சில நிறம் மாறிப் பிறந்தபோது, அவற்றைத் தனியே பிரித்துப் பேணினார்கள். 1914-இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகே இந்த மீன்கள் வெளியுலகில் பேர்பெற்றன. அவை வளர்ந்தது மண் குளங்களில் என்பதைக் கவனியுங்கள். சேறும், செடியும், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் அக்குளத்தின் தண்ணீரைச் சீர்ப்படுத்தின. சிமெண்ட் தொட்டியில் நாம் அழகை மாத்திரம் வைத்துக்கொண்டு, அந்த வேலைக்காரர்களை வெளியே விட்டுவிடுகிறோம்.

தண்ணீருக்குள் நடப்பது

மீன் தின்கிற தீனியில் புரதம் உண்டு. அப்புரதத்தின் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். மீன் தன் உடலில் சேர்த்துக்கொள்வது போக மீதியில் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. அம்மோனியா மீனுக்குக் கொடிய நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான், மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சை அடைக்கும். இன்னொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. 1890-ஆம் ஆண்டளவில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்னும் விஞ்ஞானி இந்த நுண்ணுயிர்களின் வேலையை உலகுக்கு விளங்கப்பண்ணினார்.

சாதாரண வடிகட்டிகளின் வேலை இங்கே முடிந்துவிடுகிறது. நைட்ரேட் மீனை ஒரே நாளில் கொல்லுவதில்லை. ஆனால் அது நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். மீனின் வளர்ச்சி குன்றும், நோயை எதிர்க்கும் சக்தி குறையும், பாசி செழிக்கும். அந்தக் குளத்தில் புற ஊதா விளக்கு பொருத்தியிருந்தபடியால் மிதக்கும் பாசி மடிந்து தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. சுவர்களிலோ நூல் பாசி கம்பளம்போல் அடர்ந்திருந்தது. இரவெல்லாம் அது பிராணவாயுவை உறிஞ்சியதே விடியற்காலையில் மீன்கள் சாகக் காரணம் என்று கண்டோம். அன்றிரவே காற்றுப் பம்பு ஒன்றை ஓடவிட்டோம். மீன் சாவது நின்றது. ஆனால் பாசிக்குத் தீனியாகிய நைட்ரேட் அப்படியே இருந்தது.

மீன் கடைகளில் கிடைக்கும் பரிசோதனைப் பெட்டியை வாங்கிச் சோதித்தோம். இரண்டாம் குப்பியின் மருந்து அடியில் படிந்துவிடுமாதலால், அதை அரை நிமிடம் பலமாய்க் குலுக்கியபின்பே துளிகளை விடவேண்டும். இல்லாவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. நைட்ரேட்டோ அட்டையிலுள்ள கடைசிச் சிவப்பு நிறம்: லிட்டருக்கு 160 மில்லிகிராம். கோய் குளத்தில் இது 40-க்குக் கீழே இருப்பது நலம்.

தண்ணீரை மாற்றினால் போதாதா?

வழக்கமான ஆலோசனை அதுதான். ஆனால் அந்த மார்ச் மாதத்தில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. வாகனம் கழுவவும், தோட்டத்துக்குப் பாய்ச்சவும், அலங்கார நீரூற்றுகளுக்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டிருந்தது. ஜனங்கள் குடத்தோடு வரிசையில் நிற்கையில் மீன் குளத்தை இறைத்துக் கொட்டுவது நியாயமாகுமா?

குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றில் ஓரளவு தண்ணீர் இருந்தது. அதையும் அதே குப்பியில் சோதித்தோம். அந்தத் தண்ணீரும் சிவந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பியபோது லிட்டருக்கு 72 மில்லிகிராம் என்று முடிவு வந்தது. 72 உள்ள தண்ணீரை எத்தனை லாரி ஊற்றினாலும் குளம் 72-க்குக் கீழே இறங்காது அல்லவா?

அந்த எண்ணைக் கண்டபோது குளத்தைப் பற்றிய நினைவு என்னைவிட்டு அகன்றது. "தம்பி, உங்கள் அறையில் குடிக்க எந்தத் தண்ணீர்?" என்று விசாரித்தேன். "இதே போர்வெல் குழாய்தான் ஐயா. குழந்தைக்கு மட்டும் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பால்பவுடர் கலக்குகிறோம்" என்றார். தாய்க்குப் பால் போதாதிருந்தது.

வாசகர்களே, இவ்விடத்தை நிதானமாய் வாசியுங்கள். கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மீந்த தண்ணீரில் அதன் அளவு கூடவே செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களின் உடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுக்கக்கூடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கிணற்றுத் தண்ணீரில் கலந்த பாலைக் குடித்த சிசுக்களுக்கு இவ்விதம் நேரிட்டதை 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹன்டர் காம்லி எழுதிவைத்தார். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மிஞ்சலாகாது என்பது நம் நாட்டின் தரக்கட்டுப்பாடு. உலக சுகாதார நிறுவனம் 50 என்று வைத்திருக்கிறது.

அன்று மாலையே குழந்தையை மருத்துவரிடம் காட்டினோம். நல்லவேளையாக, குழந்தைக்குத் தீங்கு ஒன்றும் நேரிடவில்லை. அன்றுமுதல் ஆர்.ஓ. சுத்திகரிப்புச் செய்த தண்ணீரே அக்குழந்தைக்குப் பால் கலக்கப்பட்டது. அந்தக் குடியிருப்பில் மேல்மாடி வீடுகள் ஒவ்வொன்றிலும் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தது. கீழே வேலையாட்கள் தங்கும் அறைகளுக்கு மாத்திரம் போர்வெல் குழாய் நேரே வந்தது. யாரும் தீங்கு நினைத்துச் செய்ததல்ல. யாரும் நினைத்தே பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆய்வக அறிக்கையைச் சங்கத்தாரிடம் காட்டியபோது, ஒரே வாரத்தில் கீழ்த்தளத்திலும் ஓர் இயந்திரம் பொருத்தினார்கள். குளத்தைப் பற்றியும் ஆகஸ்ட் மாதம்வரை எங்களுக்குத் தவணை கொடுத்தார்கள்.

நாங்கள் செய்தவை

முதலாவது, தீனி. குடியிருப்பின் பிள்ளைகள் கையில் அள்ளி இறைத்ததையெல்லாம் தராசில் நிறுத்தால் நாளொன்றுக்கு 200 கிராம். இப்படிக் கணக்குப் பாருங்கள்: 40 சதவீதம் புரதமுள்ள 100 கிராம் தீனியில் 6.4 கிராம் நைட்ரஜன் உண்டு. அதில் 30 சதவீதத்தை மீன் எடுத்துக்கொண்டால், மீதி சுமார் 4.5 கிராம். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் ஏறக்குறைய 20 கிராம். பத்தாயிரம் லிட்டர் குளத்தில் அது லிட்டருக்கு 2 மில்லிகிராம் கூட்டும்; 200 கிராம் போட்டால் நாள்தோறும் 4 மில்லிகிராம். தீனியைப் பாதியாக்கினோம். பிள்ளைகளுக்கு முறைவைத்து, அளந்த கிண்ணம் ஒன்றைக் கொடுத்தோம். செலவில்லாமல் பாதிப் பாரம் குறைந்தது.

இரண்டாவது, கழிவு. 200 லிட்டர் நீல டிரம் ஒன்றில் குளத்துத் தண்ணீர் முதலில் வந்து தங்கும்படி செய்தோம். அதன் அடியில் படியும் கழிவை இரண்டு நாளுக்கொருமுறை திறந்து வாழைக்கு விட்டோம். கழிவு தண்ணீரில் கிடந்து அழுகுமுன் வெளியேறிவிட்டால், அது நைட்ரேட்டாக மாற இடமில்லை. வாழைக்கும் அது நல்ல உரம்.

மூன்றாவது, செடிப் படுகை. குளத்தையொட்டி, செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரித்து, பத்தடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி ஆழத்தில் தொட்டி கட்டினோம். குளத்தின் பரப்பில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அடியில் துளையிட்ட பி.வி.சி. குழாய், மேலே நன்றாய்க் கழுவிய சிறு ஜல்லி. டிரம்மிலிருந்து வரும் தண்ணீர் அடியிலிருந்து ஜல்லிக்குள் மெதுவாய் மேலேறி, மறுமுனையில் குளத்தில் விழும். தண்ணீரின் மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு இரண்டு அங்குலம் கீழேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். கல்வாழை, சேம்பு, வெட்டிவேர், வள்ளைக்கீரை ஆகியவற்றை வேரிலுள்ள மண்ணை முற்றிலும் கழுவிவிட்டு நட்டோம். மண்ணும் வேண்டாம், உரமும் வேண்டாம். தண்ணீரிலுள்ள நைட்ரேட்டே அவற்றுக்கு உரம்.

ஆகாயத்தாமரை இதைவிட வேகமாய் நைட்ரேட்டை உறிஞ்சும். ஆனாலும் அதை நாங்கள் சேர்க்கவில்லை. அதன் ஒரு துண்டு ஏரிக்குப் போனாலும் ஏரியையே மூடிவிடும். பெங்களூருவின் ஏரிகள் ஏற்கெனவே அதனால் படுகிற பாடு போதும்.

நான்காவது, அறுவடை. இதைத்தான் அநேகர் மறந்துவிடுகிறார்கள். செடி உறிஞ்சிய நைட்ரஜன் அதன் இலையிலும் தண்டிலும் இருக்கிறது. அந்த இலை பழுத்து அங்கேயே விழுந்து அழுகினால், எடுத்ததெல்லாம் தண்ணீருக்கே திரும்பிப் போகும். ஆகையால் வாரந்தோறும் அறுத்து, எருக்குழியில் போட்டோம். வாரத்துக்கு நான்கு கிலோ பச்சை இலை கிடைத்தது. அதில் காய்ந்த எடை 400 கிராம். அதில் மூன்று சதவீதம் நைட்ரஜன் என்று வைத்தால் 12 கிராம், அதாவது 53 கிராம் நைட்ரேட். வாரத்துக்குச் சேர்வதோ சுமார் 140 கிராம். செடி மாத்திரம் போதாது என்பதை இக்கணக்கு காட்டிற்று.

ஐந்தாவது, பிராணவாயு குறைந்த இடம். தண்ணீரில் பிராணவாயு இல்லாதபோது, வேறொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக ஆகாயத்தில் விட்டுவிடுகின்றன. அதற்கு அவற்றுக்குக் கரிமச் சத்தும் வேண்டும். இன்னொரு டிரம்மில், பெயிண்டோ மருந்தோ படாத மரச் சில்லுகளை மர அறுவை மில்லில் வாங்கி நிரப்பினோம். பிளைவுட் துண்டுகள் ஆகாது. மணிக்கு இருபது லிட்டர் அளவில் தண்ணீர் அதற்குள் மெதுவாய் நகரும்படி விட்டோம். முதல் வாரத்தில் பழுப்பாய் வந்த தண்ணீரைக் குளத்தில் சேர்க்காமல் செடிகளுக்கு ஊற்றினோம். அதன்பின்பு வந்ததைச் செடிப் படுகையின் வழியாக, காற்றுப் பட்டபின்பே, குளத்தில் சேர்த்தோம். அழுகின முட்டை நாற்றம் வந்தால் ஓட்டம் மிகவும் குறைந்துவிட்டது என்று பொருள். உடனே ஓட்டத்தைக் கூட்டவேண்டும். அந்நாற்றத்துக்குக் காரணமான வாயு மீனைக் கொல்லும்.

அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது தண்ணீரின் காரத்தன்மையும் செலவாகிறது. அது முற்றிலும் தீர்ந்தால் தண்ணீர் திடீரென்று புளித்து மீன்கள் மடியும். அதற்காக வலைப்பையில் கிளிஞ்சல்களைக் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டோம்.

பொறுமையின் பலன்

இந்த நுண்ணுயிர்கள் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் மாதத்தில் எண் அசையவில்லை. சகோதரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் குப்பியைக் கொண்டுவந்து நிறம் மாறவில்லையே என்று துக்கத்தோடு காட்டுவார். மே மாத முடிவில் சிவப்பு சற்று வெளிறிற்று. ஜூன் மாதத்தில் 80. மழை தொடங்கியபோது, மொட்டைமாடியின் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, பிந்தின மழைநீரைக் கொஞ்சங்கொஞ்சமாய்க் குளத்தில் சேர்த்தோம். ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது. ஆகஸ்ட் மாதக் கூட்டத்துக்கு முன் சோதித்தபோது 40-க்கும் கீழே. நூல் பாசி சுவரில் மெல்லிய படலமாய்ச் சுருங்கியிருந்தது. குளத்தை மூடும் பேச்சு முடிந்தது. சகோதரரின் வேலையும் அறையும் நிலைத்தன.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தையல்ல. 1950-களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்னும் அம்மையார் நாணல் வகைகளைக் கொண்டு அழுக்குத் தண்ணீரைச் சீராக்கும் சோதனைகளைச் செய்தார். கொல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலத்தில், நகரத்தின் கழிவுநீரே சூரிய ஒளியாலும் நுண்ணுயிர்களாலும் சீர்ப்பட்டு மீன் குளங்களை வாழ்விக்கிறது. துருபஜோதி கோஷ் என்னும் பொறியாளர் அந்த மீனவர்களின் அறிவை உலகறியச் செய்தார். 2002-இல் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பெங்களூருவின் ஜக்கூர் ஏரியிலும், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் சம்பு முதலிய செடிகள் நிறைந்த சதுப்பின் வழியாய்ச் சென்ற பின்பே ஏரியைச் சேருகிறது. நாம் தொட்டியில் செய்வது அவற்றின் சிறு சாயல்தான்.

உங்களுக்கு ஒரு விண்ணப்பம்

உங்களில் குளமோ தொட்டியோ உள்ளவர்கள் இம்முறைகளைச் செய்து பாருங்கள். குளமே இல்லாதவர்களிடம் நான் வேறொன்றைக் கேட்கிறேன். மும்பையிலோ, டெல்லியிலோ, பெங்களூருவிலோ நீங்கள் குடியிருக்கும் இடத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கப்படுமானால், ஒருமுறை நைட்ரேட் சோதனை செய்துவிடுங்கள். கசியும் சாக்கடைகளும் கழிவுக் குழிகளும் நெருங்கியிருக்கும் நகரத்தில் நிலத்தடி நீருக்குள் நைட்ரேட் இறங்குவது எளிது. அறிக்கையில் எண்ணைப் பார்க்கும்போது, அது நைட்ரேட்டா, நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜன் மாத்திரமா என்று கேளுங்கள். பின்னதானால் 4.4-ஆல் பெருக்கிக்கொள்ளவேண்டும். மெழுகுவர்த்தி வடிகட்டியும், புற ஊதா விளக்கும், கொதிக்கவைப்பதும் நைட்ரேட்டை நீக்காது, ஆர்.ஓ. முறை நீக்கும். சிசுவின் உதடு நீலம் பாரித்தால் தாமதியாமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் நல்லதென்று தெரிந்தபின்பு, அத்தோடு நின்றுவிடாதிருங்கள். உங்கள் கட்டடத்தின் காவலரும், பாத்திரம் கழுவ வரும் சகோதரியும், எதிரே கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பமும் எந்தக் குழாயில் குடிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களில் கைக்குழந்தை உள்ளவர்கள் யார் என்றும் கேளுங்கள். பரிசோதனைப் பெட்டியின் விலை ஒரு குடும்பம் ஒருவேளை ஓட்டலில் சாப்பிடும் செலவைத் தாண்டாது. ஒரு பெட்டியைக் கொண்டு எத்தனையோ வீடுகளின் தண்ணீரைச் சோதிக்கலாம். இந்த மாதத்திலேயே ஒருவர் வீட்டிலாவது அதைச் செய்யுங்கள்.